கிளிநொச்சி வீட்டுக்குப் புதுப் பின்போல் மெசின்: எதை வாங்கலாம்?

வட்டக்கச்சி வாய்க்கால் எழுதியது:

வணக்கம். அண்ணா குடும்பம் ரொறன்ரோவில் இருந்து அடுத்த வருடம் ஊரோடு வந்துவிடுகிறது. வீட்டுச் சாமான்களை கொன்ரெயினரில் போட்டு அனுப்புகிறார்கள், அதோடு ஒரு புதுப் பின்போல் மெசினும் (கண்ணாடி மூடிய சரிவுப் பலகையில் இரும்புப் பந்தைப் பொத்தான் அமத்தி அடித்து விளையாடுகிற பெட்டி) வாங்கி ஏற்றுவதென்று அண்ணா ஒரே பிடியாக நிற்கிறார். கனடாவுக்குப் போன புதிதில் வேலை முடிந்து வருகிற வழியில் அதை விளையாடித்தான் தனிமையைப் போக்கினாராம், எப்போதாவது ஒன்று வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை. காசு அவருடையது, ஆனால் இங்கே வந்து இறங்கினால் வைத்துப் பார்க்க வேண்டியவன் நான், அதனால்தான் கேட்கிறேன்.

வீடு வட்டக்கச்சியில், ஓட்டு வீட்டோடு சேர்த்துக் கட்டிய பெரிய ஹோல் இருக்கிறது, நிலத்துக்கு ரைல்ஸ் போட்டாயிற்று. விளையாடப் போகிறவர்கள் அண்ணாவின் மகன் (12 வயது), மகள் (7), என்னுடைய பெடியன் (9), அப்புறம் பெரியவர்கள். அம்மாவும் எங்களோடுதான், அவர் விளையாடாவிட்டாலும் அந்த ஹோலில்தான் நாள் முழுக்க இருப்பார்.

அண்ணா சொல்கிற பெயர்கள் ஸ்டெர்ன் கொம்பனியின் ஜுராசிக் பார்க், கொட்ஸில்லா, பிறகு மெடிவல் மேட்னஸ் என்று பழைய மெசின் ஒன்றைத் திரும்பப் புதிதாகச் செய்திருக்கிறார்களாம், அது. ஸ்டெர்ன் மெசின் ஒவ்வொன்றிலும் ப்ரோ, பிரீமியம், லிமிட்டட் என்று மூன்று தரம் சொல்லி என் தலையைக் குழப்பிவிட்டார். யாராவது வீட்டில் வைத்திருக்கிறீர்களா? எங்கள் புழுதிக்கும் மாரிக்கும் கரண்டுக்கும் இது நின்று பிடிக்குமா? பிள்ளைகள் ஒரு மாதத்தில் அலுத்துப்போய் விட்டுவிடுவார்களா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

ஸ்காபரோ மல்லாவி எழுதியது:

தம்பி, நான் மல்லாவிப் பெடியன், இப்போது ஸ்காபரோவில். என் வீட்டு பேஸ்மென்ரில் ஒன்று நிற்கிறது, நண்பர்களுடைய மெசின்களையும் திறந்து வேலை பார்த்திருக்கிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்று தரம். ஸ்டெர்ன் என்பது சிக்காகோ பக்கம் உள்ள கொம்பனி, புது மெசின் செய்கிறவர்களில் பெரியது அதுதான். ஒரே விளையாட்டை மூன்று விதமாக விற்பார்கள். ப்ரோ அமெரிக்காவில் ஏறக்குறைய 7,000 டொலர், பிரீமியம் 9,700 அளவில், லிமிட்டட் 13,000 வரை போகும். ப்ரோவிலும் பந்து ஓடுகிற பாதைகள் பெரும்பாலும் அதேதான், விதிமுறையும் பெரும்பாலும் அதேதான். கூடுதல் காசுக்குக் கிடைப்பது அசைகிற பொம்மைகளும் மோட்டர்களும் அலங்காரமும். ஜுராசிக் பார்க் பிரீமியத்தில் நிற்கிற டைனோசர் தலையை அசைத்துப் பந்தை வாயில் கவ்வும், ப்ரோவில் அது இல்லை, எளிய பொம்மை. கொட்ஸில்லா பிரீமியத்தில் ஒரு கட்டடம் மாடி மாடியாக இடிந்து இறங்கும், ப்ரோவில் அந்தக் கட்டடம் அசையாது. பார்க்க வடிவுதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் திருத்துகிறவன் பக்கத்தில் இல்லாத இடத்துக்கு ஒவ்வொரு மோட்டரும் ஒரு கவலை. உங்கள் அண்ணாவுக்கு என் முதல் சொல் இதுதான்: எந்தப் பெயரை எடுத்தாலும் ப்ரோவை எடுக்கச் சொல்லுங்கள், மிச்சக் காசில் உதிரிப்பாகம் வாங்கச் சொல்லுங்கள்.

இதை வெறும் சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. பின்போலில் மனது ஒட்டுவது பொம்மையில் இல்லை, பிளிப்பரில்தான், அதாவது பொத்தானை அமத்தினால் எழும்பிப் பந்தை அடிக்கிற சின்ன மட்டையில். பந்து 27 மில்லிமீற்றர் உருக்குக் குண்டு, 80 கிராம். மேலிருந்து வேகமாக வருகிறது, நீங்கள் பிளிப்பரைத் தூக்கி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் அது உருண்டு வந்து பிளிப்பருக்கும் பக்கத்துக் கம்பிக்கும் இடையிலுள்ள மூலையில் அடங்கி நிற்கும். அப்போதுதான் மூச்சு விட்டு, எங்கே அடிப்பது என்று பார்த்து, பிளிப்பரை விட்டு, பந்து நுனிப்பக்கம் உருளும்போது அடிக்க வேண்டும். நுனியில் பட்டால் குறுக்கே போகும், அடிப்பக்கத்தில் பட்டால் நேரே போகும். இந்த ஒன்றைப் பிள்ளைக்குக் காட்டிக் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு அது சும்மா பொத்தானை அடித்துக்கொண்டிருக்காது. என் சின்னவள் இதைப் பிடித்த நாளில் இருந்து என்னை விடவில்லை. அதனால் அலுக்குமா என்று கேட்டால், பழக்கிவிடுகிறவர் வீட்டில் இருந்தால் அலுக்காது, உங்கள் வீட்டில் அண்ணா இருக்கிறார்.

ஆசை ஆசையாகப் பிரீமியம் எடுத்தவர்கள் வீட்டிலும் கடைசியில் பேச்செல்லாம் ரம்பில், அதாவது மேலே ஏறுகிற சாய்வுப் பாதையில், பந்தை ஏற்றியதைப் பற்றித்தான்.

லண்டன் முள்ளியவளை எழுதியது:

மல்லாவி அண்ணை சொன்னதில் பாதிக்கு உடன்பாடு, பாதிக்கு இல்லை. ஏழு வயதுப் பிள்ளையும் வயதான அம்மாவும் உள்ள வீட்டுக்கு ஜுராசிக் பார்க் கொஞ்சம் கடுமையான மெசின். கீத் எல்வின் வடிவமைத்தது, 2019இல் வந்தது, அவருடைய மெசின்கள் வேகம், பந்து ஒரு பக்கம் போய் மறுபக்கம் உடனே திரும்பி வரும். பழகியவருக்கு அதுதான் சுகம். புதிதாக நிற்கிறவர் கண்ணைத் திருப்பமுன் பந்து கீழே போய்விடும்.

மெடிவல் மேட்னஸ் வேறு மாதிரி. வில்லியம்ஸ் கொம்பனி 1997இல் செய்தது, அந்தக் கொம்பனி 1999இல் பின்போலையே விட்டுவிட்டது, அதைத்தான் இப்போது சிக்காகோ கேமிங் என்பவர்கள் திரும்பச் செய்கிறார்கள். நடுவில் ஒரு கோட்டை நிற்கும். பந்தால் அடித்தால் கோட்டைப் பாலம் இறங்கும், பிறகு வாசல் கதவு, அதையும் உடைத்து உள்ளே பந்தைப் போட்டால் கோட்டை சரியும். யாரும் விதி சொல்லித்தர வேண்டாம், பார்த்தவுடனேயே எதை அடிக்க வேண்டும் என்று ஆருக்கும் விளங்கும். இடையில் இரண்டு பூதத் தலைகள் பலகைக்குள் இருந்து மேலே எழும்பும், பிள்ளைகள் அதற்குச் சிரிக்கிற சிரிப்பே தனி. என் மருமகப் பிள்ளைகள் வந்தால் அதை விட்டு நகர மாட்டார்கள். குடும்ப வீட்டுக்கு இதைவிட நல்ல மெசினை நான் காணவில்லை.

இன்னொரு விசயம். இங்கே லண்டனில் விற்கிற மெசினுக்கு 230 வோல்ட், செருகி மூன்று சதுரக் கால் உள்ள 13 அம்பியர், இலங்கையில் இப்போது பாவிக்கிற அதே செருகி. கனடாவில் எடுத்தால் 120 வோல்ட் பார்த்துத் தந்துவிடுவார்கள், அதைக் கேட்டுத் தெளிவாக்காமல் காசைக் கட்ட வேண்டாம்.

கரடிப்போக்கு வயர்மன் எழுதியது:

நான் பின்போல் திருத்தியதில்லை, ஆனால் கரண்ட் வேலையும் மோட்டர் வேலையும்தான் என் தொழில், கொழும்பில் ஒரு விளையாட்டு மண்டபத்து மெசின்களில் வயரிங் வேலை செய்திருக்கிறேன், அந்த அளவில் சொல்கிறேன்.

கனடா 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். எங்களுக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மெசினுக்குள் இருக்கிற பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருக்கிற எழுத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை, செருகியை மட்டும் மாற்றினால் சரி. 120 என்று மட்டும் இருந்தால், அல்லது சின்ன சுவிட்ச் ஒன்றைத் தள்ளி மாற்றுகிற விதமாக இருந்தால், செருகுவதற்கு முன்பே அந்த வேலையைச் செய்ய வேண்டும், ஒரு முறை தவறிச் செருகினாலும் உள்ளே புகைந்துவிடும். தொண்ணூறுகளின் மெசின்களில் பெரிய ட்ரான்ஸ்ஃபோமர் இருக்கும், அதில் இணைப்பை மாற்றிப் போடலாம், கூடவே பியூஸையும் குறைந்த அம்பியருக்கு மாற்ற வேண்டும், அதைப் பலர் மறந்துவிடுவார்கள். வெளியே ஒரு 230க்கு 120 ஆக்குகிற பெட்டி வைத்து ஓட்டலாம்தானே என்று அண்ணா கேட்பார். ஓட்டலாம், ஆனால் அது ஒரு நாள் சூடாகி நின்றால் மெசினும் நின்றுவிடும். வாங்கும்போதே 230 வோல்ட் மெசினாகக் கேட்டு வாங்குவதுதான் புத்தி.

ஏர்த் இல்லாமல் இதைப் போடவே கூடாது. பக்கக் கம்பி, கால், முன்பக்கக் கதவு எல்லாம் உலோகம், பிள்ளைகள் வெறுங்காலோடு ரைல்ஸ் நிலத்தில் நின்று இரண்டு கையாலும் பிடிக்கப் போகிறார்கள். உங்கள் வீட்டு ஏர்த் கம்பி நிலத்தில் சரியாக இறங்கியிருக்கிறதா, கோடையில் மண் காய்ந்து கிடக்கும்போதும் வேலை செய்கிறதா என்று ஒருவரைக் கொண்டு அளந்து பாருங்கள், ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானையும் மாதத்துக்கு ஒரு முறை அமத்திப் பாருங்கள். கரண்ட் பில்லை நினைத்துப் பயப்பட வேண்டாம், கிணற்று மோட்டர் இழுக்கிறதை விட இது குறைவாகத்தான் இழுக்கும். ஐப்பசி கார்த்திகையில் இடி மின்னல் தொடங்கினால் சுவிட்சை நிறுத்தினால் போதாது, செருகியையே கழற்றி வைக்க வேண்டும்.

இனி திருத்துகிற விசயம். மெசினைத் திறந்து பார்த்தவர்கள் சொல்லட்டும், ஆனால் எனக்குத் தெரிந்து இதற்குள் இரண்டு விதமான சாமான். ஒன்று கொயில் (கரண்ட் போனால் தண்டை இழுக்கிற கம்பிச் சுருள்), ஸ்பிரிங், இரும்புத் தண்டு, சுவிட்ச், றப்பர் வளையம். இவை எல்லாம் எங்கள் ஊரில் கையால் செய்யலாம். கொயிலைச் சுற்றியுள்ள கடதாசியில் 23-800 என்ற மாதிரி எழுதியிருக்கும், 23 கேஜ் கம்பி, 800 சுற்று என்பது அர்த்தம். தண்ணி மோட்டர் சுற்றுகிற எங்கள் கடைக்காரரிடம் கொடுத்தால் சுற்றித் தருவார். ஆனால் அது அமெரிக்கக் கேஜ், நாங்கள் பாவிப்பது வேறு கேஜ், அதனால் நம்பரைச் சொல்லாமல் மில்லிமீற்றரைச் சொல்லுங்கள், அமெரிக்க 23 என்றால் ஏறக்குறைய 0.57. மற்ற விதச் சாமான் சர்க்கிட் போர்ட். இப்போதைய போர்ட்களில் பொடிப் பொடிச் சாமான்களை மெசினால் ஒட்டியிருப்பார்கள், எங்கள் சோல்டரிங் அயனை அதில் வைக்க ஏலாது, பழுதானால் முழு போர்ட்டையே மாற்ற வேண்டும். அதை அண்ணா முன்கூட்டியே வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

எலியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வட்டக்கச்சியில் வயல் அறுத்து முடிய எலி வீட்டுக்குள் வரும். மெசினின் அடிப்பலகையில் காற்றோட்டத்துக்குத் துளை இருக்கும், அதற்கு உள்பக்கமாக நுளம்பு வலை போதாது, மெல்லிய இரும்பு வலை அடியுங்கள்.

ஓமந்தை ரீச்சர் எழுதியது:

வயர்மன் தம்பி எழுதியதை எல்லாம் படித்தேன், நல்ல விசயங்கள். நான் வேறொன்று சொல்ல வேண்டும், இதை யாரும் எழுதாதது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அம்மா அந்த ஹோலில்தான் நாள் முழுக்க இருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கிளிநொச்சியில் இருந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்தவராகத்தான் இருப்பார், எங்கள் வயதில் உள்ளவர்கள் எல்லோரும் அப்படித்தானே. மெசினின் விலையையும் மோட்டரையும் பார்க்கிறதுக்கு முன்னால் அது என்ன சத்தம் போடுகிறது என்று பாருங்கள். என் மகன் கைபேசியில் கொட்ஸில்லா மெசினின் வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினான், அதில் டாங்கி வருகிறது, சண்டை விமானம் வருகிறது, கட்டடம் இடிகிறது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. 2009இல் பதுங்கு குழிக்குள் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தவர்களுக்கு அது விளையாட்டு இல்லை. எங்கள் வீட்டில் தீபாவளிக்கு வெடி கொளுத்துவதையே விட்டுவிட்டோம், என் மாமியாருக்கு உடம்பு நடுங்கும். அவர் வாய் திறந்து சொல்லவும் மாட்டார், பிள்ளைகள் சந்தோசமாக இருக்கட்டும் என்று எழும்பிக் குசினிக்குப் போய்விடுவார்.

அதனால் அண்ணாவிடம் சொல்லி, அவர் நினைத்திருக்கிற மூன்று மெசினின் வீடியோவையும் அம்மாவுக்குச் சத்தத்தோடு போட்டுக் காட்டுங்கள். எது பரவாயில்லை என்று நேரே கேட்காதீர்கள், கேட்டால் எல்லாம் நல்லது என்பார். முகத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, ஏழு வயதுப் பிள்ளைக்கு மெசின் உயரம் எட்டாது. பிளாஸ்ரிக் கதிரையில் ஏற்ற வேண்டாம், வழுக்கும். ஆசாரியிடம் சொல்லி அகலமான படிப்பலகை ஒன்று அடித்து வையுங்கள்.

புதுக்குடியிருப்பு பெடியன் எழுதியது:

7,000 டொலர் என்றால் இருபது இலட்சத்துக்கு மேலே வருகிறது, அதோடு கப்பல் கூலி, சுங்கம். அது அண்ணாவின் உழைப்பு, அவர் ஆசை, நான் அதில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பின்போலில் ஒருவர் விளையாட மற்றவர்கள் நின்று பார்க்க வேண்டும். நாலு பேர் மாறி மாறி விளையாடலாம்தான், இருந்தாலும் ஒரே நேரத்தில் சுற்றி இருந்து விளையாட ஒரு நல்ல கரம் போர்டும் பக்கத்தில் போட்டுவிடுங்கள். அடுத்த முறைக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் சண்டை பிடிக்காமல் இருப்பார்கள். அயல் வீட்டுப் பெடியளும் வருவார்கள், அதையும் நினைத்து இடம் ஒதுக்குங்கள்.

ஸ்காபரோ மல்லாவி எழுதியது:

ரீச்சர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் கொட்ஸில்லாவைத்தான் முதலில் சொல்ல இருந்தேன், விளையாட்டாகப் பார்த்தால் அண்மையில் வந்தவற்றில் அது மிக நல்லது. ஆனால் உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். டாங்கியும் விமானமும் அதன் விதிக்குள்ளேயே இருக்கின்றன, ஒளித்துவைக்க முடியாது. மெடிவல் மேட்னஸிலும் கோட்டை வெடித்துச் சரிகிற சத்தம் பலமாகத்தான் இருக்கும், அதுதான் அந்த விளையாட்டின் உச்சமே. லண்டன் தம்பி கோபிக்க வேண்டாம்.

ஜுராசிக் பார்க்கில் கதை வேறு. தீவு ஒன்றில் வாகனத்தில் போய் ஆட்களைக் காப்பாற்றி, தப்பி ஓடின மிருகங்களைத் திரும்பப் பிடிக்க வேண்டும். உறுமல் இருக்கிறது, மழைச் சத்தம், இசை. அம்மாவுக்கு அது எப்படி இருக்கும் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். சத்தத்தைக் குறைக்க முன்கதவைத் திறந்தால் உள்ளே பொத்தான்கள் இருக்கின்றன, வேண்டிய அளவுக்குக் குறைக்கலாம். ஆனால் கொயில் அடிக்கிற டக் டக் சத்தம் குறையாது, அது இரும்பு இரும்போடு மோதுகிற சத்தம், இரவில் பக்கத்து அறைக்குக் கேட்கும். படுக்கை அறைச் சுவரோடு சேர்த்து வைக்க வேண்டாம்.

கடுமை என்று லண்டன் தம்பி சொன்னது உண்மை. ஆனால் அதை இளக்கலாம். அதே பொத்தான்களால் ஒரு ஆட்டத்துக்கு மூன்று பந்துக்குப் பதில் ஐந்து பந்து வைக்கலாம். பந்து வந்தவுடனேயே கீழே போனால் திரும்பத் தருகிற நேரத்தைக் கூட்டலாம். இரண்டு பக்கமும் பந்து தப்பி விழுகிற ஓடைகளுக்கு மேலே ஒரு சின்னக் கம்பம் இருக்கும், அதைக் கழற்றி அடுத்த துளையில் போட்டால் வாசல் ஒடுங்கும். மெசினை ஆட்டினால் நின்றுவிடுகிற டில்ட் இருக்கிறது, ஊசல் மாதிரி தொங்குகிற ஒரு எடை, அதையும் தளர்த்தலாம், பிள்ளைகள் அறியாமல் இடித்துவிடுவார்கள். காசு போடாமல் ஓடுகிற மாதிரியும் வைக்கலாம், வீட்டுக்கு அதுதான் வேண்டும். பலகைச் சரிவு வழக்கமாக 6.5 பாகை, முதல் மாதங்களுக்குக் கொஞ்சம் குறைத்து வைத்தால் பந்து மெல்ல வரும். கைபேசியில் மட்டம் பார்க்கிற ஆப் போதும், கால்களின் அடியில் உள்ள திருகுகளால் ஏற்றி இறக்கலாம்.

ஸ்டெர்ன் வீட்டுக்கென்றே ஒரு மலிவான ஜுராசிக் பார்க்கும் விற்றார்கள், பாரம் குறைவு, உள்ளே சாமானும் குறைவு. பெடியன் 12 வயது என்றீர்கள், அவன் கெதியாக அதைத் தாண்டிவிடுவான். ப்ரோவையே எடுங்கள்.

உதிரிப்பாகம் என்று நான் சொன்னது: பிளிப்பர் திருத்துகிற முழுச் செட் ஒன்று, அதற்குள் தண்டு, இணைப்பு, ஸ்பிரிங், கொயிலுக்குள் போகிற பிளாஸ்ரிக் குழாய் எல்லாம் வரும். மெசினுக்குரிய றப்பர் வளையச் செட். புதுப் பந்துகள், பழைய பந்தில் கீறல் விழுந்தால் அது பலகையை அரைத் தாள் போட்டதுபோல் தேய்த்துவிடும். பிளிப்பர் கொயில் ஒன்று. பியூஸ்கள். வயர்மன் சொன்ன போர்ட், ஸ்டெர்னில் அதை நோட் போர்ட் என்பார்கள், பலகைக்கு அடியில் இருக்கும், ஒன்றாவது வேண்டும். பிளிப்பர் பலம் குறைந்து ரம்பில் பந்து ஏறாமல் திரும்பினால் முதலில் அந்தப் பிளாஸ்ரிக் குழாயைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே கறுப்புத் தூள் படிந்திருக்கும், துடைத்துவிடுங்கள் அல்லது புதிதைப் போடுங்கள். எண்ணெய், கிறீஸ் ஒரு சொட்டும் அங்கே விடக் கூடாது, அது உலர்ந்தபடிதான் ஓட வேண்டும். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், எங்கள் ஆட்கள் எது இறுகினாலும் தேங்காய் எண்ணெயைத்தான் எடுப்பார்கள்.

வட்டக்கச்சி வாய்க்கால் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரீச்சர் அக்கா, நீங்கள் சொன்னபடியே நேற்றுப் பின்னேரம் மூன்று வீடியோவையும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிற சாட்டில் அம்மாவுக்குக் காட்டினேன். கொட்ஸில்லா ஓடத் தொடங்கின கொஞ்ச நேரத்தில் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று எழும்பினார். கோட்டை மெசினுக்கு இருந்தார், ஆனால் ஒன்றும் பேசவில்லை. டைனோசருக்கு, இதென்ன பல்லி இவ்வளவு பெரிதாக நிற்கிறது என்று என் பெடியனிடம் கேட்டுக் கேட்டுக் கடைசி வரை பார்த்தார். அண்ணாவிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி, ஜுராசிக் பார்க் ப்ரோ என்று முடித்துவிட்டார். பிரீமியத்துக்கு வைத்த காசில் உதிரிப்பாகமும் புதுக்குடியிருப்புத் தம்பி சொன்ன கரம் போர்டும். வோல்ட் விசயத்தை விற்கிறவரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறார், பதில் வந்த பிறகுதான் காசு கட்டுவாராம்.

இடம் பற்றி ஒரு கேள்வி பாக்கி. ஹோலின் கிழக்குப் பக்கம் யன்னலோரம் நல்ல காற்று. மற்றப் பக்கம் சுவாமி அறைச் சுவர். எங்கே வைப்பது? வாசல் கதவு 33 அங்குலம், உள்ளே போகுமா?

கரடிப்போக்கு வயர்மன் எழுதியது:

யன்னலோரம் வேண்டவே வேண்டாம். மாரியில் சாரல் அந்தப் பக்கம்தான் அடிக்கும், கோடையில் காலை வெயில் நேரே விழுந்து படத்தின் நிறம் போகும், புழுதியும் வரும். சுவாமி அறைச் சுவரோரம் வைத்து, சுவருக்கும் மெசினுக்கும் இடையில் ஒரு கை போகிற இடைவெளி விடுங்கள், ஈரச் சுவரோடு பலகை ஒட்டி நிற்கக் கூடாது. கால் நாலும் உலோகம், ஆனாலும் கறையான் செருகி வயர் வழியாகக்கூட மண் பாதை கட்டும், கிழமைக்கு ஒரு முறை அடியைக் குனிந்து பாருங்கள். அது நிற்கப் போகிற இடத்துக்குத் தனியாக ஒரு சொக்கட் இழுத்துத் தருகிறேன், நீட்டு வயரில் ஓட்ட வேண்டாம்.

ஸ்காபரோ மல்லாவி எழுதியது:

33 அங்குலம் தாராளம். மேல் பெட்டி முன்னுக்கு மடியும், காலைக் கழற்றினால் உடல் 30 அங்குலத்துக்குள்தான். ஆனால் பாரம் 110 கிலோவுக்கு மேலே, நாலு பெடியளை ஒழுங்குபண்ணுங்கள், லொறியில் படுக்கப் போடாமல் பெட்டியில் எழுதியிருக்கிறபடியே நிமிர்த்திக் கொண்டு வரச் சொல்லுங்கள், கொழும்பில் இருந்து ஏ9 வழியாக அவ்வளவு தூரம் குலுங்கும். வந்தவுடன் போட்டுவிடாதீர்கள். முதலில் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே ஏதாவது திருகாணி கழன்று கிடக்கிறதா, செருகிகள் எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள், பந்துகளைக் கடைசியாகப் போடுங்கள். அந்தக் கண்ணாடி 21க்கு 43 அங்குலம், வலுவூட்டிய கண்ணாடி, ஓரம் ரைல்ஸ் நிலத்தில் லேசாகப் பட்டாலே பொடியாகிவிடும். கழற்றினால் கட்டில் மெத்தையில் மட்டும் வையுங்கள். உடைந்தால் கொழும்பில் அளவு கொடுத்துச் செய்விக்கலாம், வலுவூட்டின பிறகு வெட்ட முடியாது, அதனால் அளவை இப்போதே குறித்து வையுங்கள்.

அண்ணாவுக்கு என் இலக்கத்தைத் தனி மடலில் அனுப்புகிறேன். ஏற்றுவதற்கு முன் இங்கேயே என் வீட்டுக்குப் பெடியனையும் கூட்டிக்கொண்டு வரட்டும், பலகையைத் தூக்கி பிளிப்பரைக் கழற்றிப் பூட்ட இரண்டு பேருக்கும் காட்டிவிடுகிறேன்.